‘சித்தமானால்’ என்று எழுதிவிட்டு அரிசி மூட்டையை எண்ணுவது

கேள்வி: அக்கா, எனக்கு 27 வயது. பி.எஸ்சி. நர்சிங் முடித்து நான்கு வருடமாக ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். சவூதியில் இரண்டு வருட ஒப்பந்தத்தில் வேலை வந்திருக்கிறது. அப்பாவுக்கு ஆறு மாதமாக டயாலிசிஸ். இதற்கிடையில் ஒரு வரனும் வந்திருக்கிறது, ஜூனுக்குள் கல்யாணத்தை முடிக்க வேண்டும் என்கிறார்கள். வருடப்பிறப்பு ஆராதனையில் எரேமியா 29:11 எனக்கு வாக்குத்தத்தமாக வந்தது. அதனால் போகலாம் என்று நினைத்தேன். ஆனால் ஊழியக்காரர் ஒருவர் ஜெபித்துவிட்டு, தண்ணீரைக் கடக்க வேண்டாம் என்று தனக்குக் காட்டப்பட்டதாகச் சொன்னார். பெரியம்மா சீட்டுப் போட்டுப் பார் என்கிறார். பாஸ்டர் ஐயா பொறுமையாக இரு என்கிறார். எது தேவசித்தம்? நாமே திட்டம் போடுவது அவிசுவாசமா? தப்பாக முடிவெடுத்துவிட்டால் என்ன ஆகும்?

பதில்:

தங்கச்சி, சவூதிக்குப் போவதா வேண்டாமா என்பதில் தேவசித்தம் எது என்று எனக்குத் தெரியாது. இருபது வருடத்துக்கு மேல் வேதபாட வகுப்பு எடுத்தவள் இப்படிச் சொல்கிறாளே என்று நினைக்காதீர்கள். எடுத்ததனால்தான் சொல்கிறேன். ஆனால் நீங்கள் கேட்டிருக்கிற மற்ற இரண்டு கேள்விகளுக்கும் வேதத்தில் நிறையவே பதில் இருக்கிறது. அதிலும் உங்கள் கைக்கு வந்த அந்த வசனத்தைச் சுற்றியே இருக்கிறது.

திருநெல்வேலிப் பக்கத்துச் சபையில் வளர்ந்திருந்தால் அசனப் பண்டிகை அறிவிப்பைக் கேட்டிருப்பீர்கள். ‘தேவனுக்குச் சித்தமானால் வருகிற வெள்ளிக்கிழமை அசனம் நடைபெறும்’ என்று வாசிப்பார்கள். வாசிக்கிற நாளுக்கு ஒரு மாதம் முன்பே கமிட்டி உட்கார்ந்து எத்தனை மூட்டை அரிசி, எத்தனை ஆடு, எத்தனை அண்டா, விறகு யார் பொறுப்பு என்று எழுதி முடித்திருக்கும். போன வருடம் சாம்பார் பற்றாமல் போனதற்கு ஒரு சண்டையும் நடந்து முடிந்திருக்கும். சித்தமானால் என்று சொல்லிவிட்டு எதற்கு அரிசியை எண்ணுகிறீர்கள், அவிசுவாசமா என்று அங்கே யாரும் கேட்டதில்லை. ஊருக்கே சாப்பாடு போடுகிற விஷயத்தில் நமக்கு இருக்கிற தெளிவு, சொந்த வாழ்க்கை என்று வரும்போது எங்கே போகிறதோ தெரியவில்லை.

அந்தச் ‘சித்தமானால்’ யாக்கோபு நிருபத்திலிருந்து வருவது. இன்ன பட்டணத்துக்குப் போவோம், ஒரு வருஷம் தங்குவோம், வியாபாரம் செய்து சம்பாதிப்போம் என்று பேசுகிறவர்களைப் பார்த்து, நாளைக்கு நடப்பது உங்களுக்குத் தெரியாதே என்கிறார் (4:13-15). உங்கள் நிலைமைக்கென்றே எழுதினதுபோல் இருக்கிறது, வெளியூர், ஒப்பந்தம், சம்பாத்தியம் எல்லாம் இருக்கிறது. இதை வைத்துத் திட்டம் போடுவதே பாவம் என்று பிரசங்கம் பண்ணினவர்களை நான் கேட்டிருக்கிறேன். ஆனால் அதற்குப் பதிலாக எப்படிச் சொல்ல வேண்டும் என்றும் யாக்கோபே எழுதிக் கொடுக்கிறார்: “ஆண்டவருக்குச் சித்தமானால், நாங்களும் உயிரோடிருந்தால், இன்னின்னதைச் செய்வோம்.” அந்த ‘இன்னின்னதை’ அவர் வெட்டவில்லை, கவனித்தீர்களா? ஊர், காலம், தொழில் எல்லாம் அதற்குள் அடங்கும். அவர் கண்டிப்பது அடுத்த வசனத்தில் இருக்கிற வீம்பை. எல்லாம் என் கையில்தான் இருக்கிறது என்று பேசுகிற பேச்சை.

இதற்கு நேர் எதிரான வியாதி ஒன்று நம்மிடம் உண்டு. நன்கொடை கேட்டு வருகிறவரிடம் ‘ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன்’ என்போம். கொடுக்க மாட்டேன் என்பதற்கு அது மரியாதையான பெயர். முடிவெடுக்கப் பயந்து வருடக்கணக்கில் ‘கர்த்தருடைய வேளைக்குக் காத்திருக்கிறேன்’ என்று சொல்கிறவர்களும் உண்டு. யாக்கோபு அந்த வியாபாரிகளை விட்டுவிட்டு நம் பக்கம் திரும்பியிருந்தால் என்ன எழுதியிருப்பாரோ.

சரி, உங்கள் வாக்குத்தத்தத்துக்கு வருகிறேன். 2019 டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் எனக்கு வந்த வாக்குத்தத்த வசன அட்டை சங்கீதம் 121:8. கர்த்தர் உன் போக்கையும் உன் வரத்தையும் காப்பார். அந்த வருடம் நிறையப் பயணம் இருக்கும்போல என்று சந்தோஷப்பட்டேன். மார்ச் 25ஆம் தேதி ஊரடங்கு. போக்கும் இல்லை, வரத்தும் இல்லை. காப்பாற்றினார் என்பது உண்மைதான், நான் நினைத்த மாதிரி இல்லை, அவ்வளவுதான். அட்டையை நான் கேலி செய்யவில்லை, இன்னும் பைபிளுக்குள்தான் வைத்திருக்கிறேன். ஆனால் ஒரு கூடை நிறைய அட்டைகளில் ஒன்று கைக்கு வந்ததை விசா முத்திரையாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

எரேமியா 29:11ஐ யாருக்கு எழுதினார் என்று பாருங்கள். “நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு” என்ற வரியை நாம் தனியாக நறுக்கி அட்டையில் போட்டுவிட்டோம். அது ஒரு கடிதத்தின் நடுவில் வருகிற வரி. கி.மு. 597இல் நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து ராஜாவையும் பிரபுக்களையும் கைவேலைக்காரர்களையும் பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போனான். அங்கே கிடந்தவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா எழுதின கடிதம் அது. அவர்களுக்கு இருந்த ஒரே கேள்வி, எப்போது ஊர் திரும்புவோம்?

அந்தக் கேள்விக்கு ஏற்கெனவே ஒருவர் பதில் சொல்லியிருந்தார், முந்தின அதிகாரத்தில். அனனியா என்ற தீர்க்கதரிசி. இரண்டே வருடத்தில் எல்லாரும் திரும்பி வருவார்கள் என்று தேவாலயத்தில், ஜனங்கள் எல்லாரும் பார்க்க, கர்த்தருடைய பெயரால் சொன்னார். பாபிலோனுக்கு அடங்கியிருங்கள் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த நுகத்தைப் பிடுங்கி உடைத்தும் காட்டினார். கேட்கிறவர்களுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்! எரேமியாவின் கடிதமோ எழுபது வருடம் என்றது. கடிதம் வாசித்துக் கேட்டவர்களில் வயது வந்தவர்கள் அநேகமாக எல்லாரும் பாபிலோனிலேயே அடக்கமாகிவிடுவார்கள் என்று அதற்கு அர்த்தம். 29:11 அதற்கு அடுத்த வரி.

அதற்கு முன்னால் என்ன செய்யச் சொல்கிறார்? வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் நாட்டி அதன் கனியைச் சாப்பிடுங்கள், கல்யாணம் பண்ணுங்கள், பிள்ளைகளைப் பெறுங்கள், இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம்பண்ணுங்கள் என்கிறார். தோட்டம் என்றால் வைத்த மரம் காய்க்கச் சில வருடம் காத்திருக்க வேண்டும். இரண்டு வருடத்தில் கிளம்பிவிடுவோம் என்று நம்பினவன் மரம் வைப்பானா? அனனியாவை நம்பினவர்கள் பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி இருந்திருப்பார்கள். எரேமியாவை நம்பினவர்கள்தான் மண்வெட்டியைக் கையில் எடுத்திருப்பார்கள். உங்கள் வாக்குத்தத்தம் அந்த இரண்டாவது கூட்டத்துக்குச் சொன்னது. அது போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை.

இதே எரேமியா ஒரு நிலம் வாங்கினார். 32ஆம் அதிகாரம். எனக்கு இந்தப் புஸ்தகத்திலேயே மிகவும் பிடித்த இடம் இது, கொஞ்சம் நீட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிதேக்கியா ராஜாவின் பத்தாம் வருஷம். கல்தேயர் படை, அதாவது பாபிலோன் படை, எருசலேமைச் சுற்றி முற்றுகை போட்டிருக்கிறது. நகரம் விழப்போகிறது என்று சொன்னதற்காக எரேமியா காவல்சாலையின் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அந்த நேரத்தில் பெரிய தகப்பன் மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்தில் என் நிலம் இருக்கிறது, மீட்கும் உரிமை உனக்குத்தான், வாங்கிக்கொள் என்கிறான். ஆனதோத் எருசலேமுக்குப் பக்கத்தில் இருக்கிற எரேமியாவின் சொந்த ஊர். நகரத்தைச் சுற்றி நிற்கிற படைக்கு அந்த வயல்வெளியெல்லாம் திறந்துதான் கிடந்தது. நம் ஊரில் இப்படி ஒருவன் வந்து கேட்டால், ஆளைப் பார்த்து ஏமாற்ற வந்திருக்கிறான் என்றுதான் சொல்லுவோம்.

எரேமியா வாங்கினார். எப்படி வாங்கினார் என்பதைத்தான் பார்க்க வேண்டும். பதினேழு சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுத்தார். ஒரு சேக்கல் சுமார் 11 கிராம், ஆக மொத்தம் ஏறத்தாழ 190 கிராம். பத்திரம் எழுதினார், சாட்சிகளைக் கையெழுத்துப் போட வைத்தார், முத்திரை போட்டார். முத்திரையிட்டது ஒன்று, திறந்தது ஒன்று என்று இரண்டு பிரதி. இரண்டையும் தன் எழுத்தரான பாருக்கிடம் கொடுத்து, அநேக நாள் கெடாமல் இருக்கும்படி ஒரு மண்பாண்டத்துக்குள் வைக்கச் சொன்னார். மண்பாண்டம் நல்ல யோசனைதான். சவக்கடல் பக்கத்துக் குகைகளில் ஜாடிக்குள் வைத்த சுருள்கள் ஏறத்தாழ இரண்டாயிரம் வருடம் கிடந்து, 1947வாக்கில் இடையர்கள் கையில் கிடைத்தன.

கர்த்தர் சொல்லிவிட்டார், வீடும் நிலமும் மறுபடியும் இந்தத் தேசத்தில் வாங்கப்படும் என்று வாக்கும் கொடுத்துவிட்டார். பிறகு எதற்குத் தராசு? எதற்குச் சாட்சி? எதற்கு இரண்டு பிரதி? இதை வகுப்பில் கேட்டால் பிள்ளைகள் முழிப்பார்கள். ஆனதோத்தில் நிலம் வாங்குகிற மனிதனுக்கு விசுவாசம் என்றால் பத்திரத்தை ஒழுங்காக எழுதுவதுதான். பத்திரம் இல்லாமல் பணத்தைத் தூக்கிக் கொடுத்திருந்தால் நாம் அதைப் பெரிய விசுவாசம் என்று சாட்சி சொல்லியிருப்போமோ என்னவோ.

இன்னொரு சின்ன விஷயம், பலரும் தாண்டிப் போய்விடுவார்கள். அனாமெயேல் வருவான் என்று கர்த்தர் முன்னதாகவே சொல்லியிருந்தார். ஆனாலும் அவன் நேரில் வந்து நின்று கேட்ட பிறகுதான், அது கர்த்தருடைய வார்த்தை என்று அறிந்துகொண்டேன் என்று எரேமியா எழுதுகிறார். அப்படியானால் அதற்கு முன் அவருக்கே நூற்றுக்கு நூறு நிச்சயம் இருந்ததாகத் தெரியவில்லை. வாங்கி முடித்த பிறகும், நகரம் எதிரி கையில் போகிறபோது என்னை நிலம் வாங்கச் சொன்னீரே என்று ஜெபத்தில் முறையிடுகிறார். பெரிய தீர்க்கதரிசிக்கே இவ்வளவுதான் தெளிவு என்றால், முடிவெடுப்பதற்கு முன்பே மனதில் துளி சந்தேகம் இருக்கக் கூடாது என்று உங்களிடம் சொல்வது நியாயமா?

அப்புறம் அந்த நிலத்தில் அவர் உழுதாரா? அப்படி எங்கும் எழுதவில்லை. கடைசியில் அவரை எகிப்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

எகிப்து என்றதும் சீட்டு விஷயம் ஞாபகம் வருகிறது. எருசலேம் விழுந்த பிறகு மிச்சமிருந்த ஜனங்கள் எரேமியாவிடம் வந்தார்கள். நாங்கள் எங்கே போக வேண்டும் என்று கர்த்தரிடம் கேட்டுச் சொல்லும், நல்லதானாலும் கெட்டதானாலும் கீழ்ப்படிவோம் என்று சத்தியமே பண்ணினார்கள் (42ஆம் அதிகாரம்). பத்து நாள் கழித்துப் பதில் வந்தது: தேசத்திலேயே இருங்கள். உடனே, நீர் பொய் சொல்லுகிறீர் என்றார்கள். ஏன் தெரியுமா? முந்தின அதிகாரத்தின் கடைசியில் இருக்கிறது. கேட்க வரும்போதே எகிப்துக்குப் போகிற வழியில், பெத்லகேம் பக்கத்தில் தங்கியிருந்தார்கள். மூட்டை ஏற்கெனவே கட்டியாகிவிட்டது, வேண்டியிருந்தது ஒரு கையெழுத்து மட்டும்.

நானும் கட்டியிருக்கிறேன். கல்லூரி முடித்த புதிதில் வெளியூரில் ஒரு வேலை வந்தபோது, போ, போகாதே என்று இரண்டு சீட்டு எழுதி ஜெபித்து எடுத்தேன். போகாதே என்று வந்தது. சரியாக ஜெபிக்கவில்லை என்று மறுபடி எடுத்தேன். மறுபடியும் போகாதே. மூன்றாவது தடவை போ என்று வந்ததும் ஸ்தோத்திரம் சொல்லி எழுந்துவிட்டேன். பெரியம்மாவிடம் கோபிக்காதீர்கள், அவர்கள் அன்பினால்தான் சொல்கிறார்கள். ஒருவேளை சீட்டு எடுத்தே தீரவேண்டும் என்றால், கையில் எடுத்த சீட்டைப் பிரிக்கிற நொடியில் எது வர வேண்டும் என்று உங்கள் மனம் அடித்துக்கொள்கிறது என்று பாருங்கள். பிறகு பிரிக்காமலேயே கீழே போட்டுவிடுங்கள். மூட்டை எந்தப் பக்கம் கட்டியிருக்கிறது என்று தெரிந்துவிடும். கிதியோன் ஆட்டுத்தோலைப் போட்டு, பனி அதில் மட்டும் விழுகிறதா என்று அடையாளம் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். கிதியோனுக்கு என்ன செய்ய வேண்டும் என்று முன்னமே தெளிவாகச் சொல்லியாகிவிட்டது. தோல் போட்டது பயத்தினால்.

தண்ணீரைக் கடக்காதே என்று சொன்னவரைப் பற்றி அதிகம் பேச விரும்பவில்லை. ஒன்று மட்டும் கேளுங்கள். நீங்கள் போகாமல் இருந்து, அதனால் அப்பாவின் சிகிச்சைக்குப் பணம் இல்லாமல் போனால் அவர் வந்து நிற்பாரா? அனனியா சொன்னது நல்ல செய்தி, இவர் சொன்னது கெட்ட செய்தி. ஆனால் சொன்னதற்குத் தான் பொறுப்பில்லை என்பதில் இரண்டு பேரும் ஒன்றுதான்.

தப்பாக முடிவெடுத்துவிட்டால் என்ன ஆகும் என்கிற பயத்துக்குப் பவுலைப் பாருங்கள். மக்கெதோனியா வழியாக வருவேன், கர்த்தர் உத்தரவு கொடுத்தால் உங்களோடு குளிர்காலம் முழுக்கத் தங்குவேன் என்று கொரிந்தியருக்கு எழுதினார். பிறகு பயணம் மாறிப்போனது. ஆம் ஆம் என்றும் அல்ல அல்ல என்றும் பேசுகிற ஆள் என்று சபையில் முணுமுணுப்பு வந்து, அதற்கு விளக்கம் சொல்லி இரண்டாவது நிருபத்தில் அரை அதிகாரம் எழுத வேண்டியிருந்தது. ஸ்பானியாவுக்குப் போகிற வழியில் ரோமுக்கு வருவேன் என்று ரோமருக்கு எழுதினார். ரோமுக்கு வந்தது கைதியாக, செசரியாவில் இரண்டு வருடம் காவலில் இருந்து, நடுவில் கப்பலும் உடைந்து. எங்கே தப்பான முடிவெடுத்தேன் என்று அவர் உட்கார்ந்து தோண்டிக்கொண்டிருந்ததாக எங்கும் இல்லை.

அந்தக் கப்பலில் 276 பேர். ஒரு உயிர்ச்சேதமும் வராது என்று தேவதூதன் சொன்னதைப் பவுல் எல்லாருக்கும் சொல்லிவிட்டார். பிறகு ராத்திரியில் கப்பலாட்கள் நங்கூரம் போடுகிற சாக்கில் படகை இறக்கித் தப்பப் பார்க்கிறார்கள். உடனே பவுல், கைதிகளுக்குக் காவலாக வந்த படைத்தலைவனான நூற்றுக்கு அதிபதியிடம் சொல்கிறார்: “இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்பிப் பிழைக்கமாட்டீர்கள்.” வாக்குத்தத்தம்தான் இருக்கிறதே, படகு ஓட்டத் தெரிந்தவன் போனால் போகட்டும் என்று அவர் விடவில்லை.

உங்கள் கப்பலாட்கள் யார் என்று பார்ப்போம். வேலை வாங்கித் தருகிற ஏஜென்ட் பதிவு பெற்றவர்தானா என்று வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் தேடுங்கள். சேவைக் கட்டணம் என்று 30,000 ரூபாயும் அதற்கு ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். லட்சக்கணக்கில் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள், அதற்கு உபவாச ஜெபம் தேவையில்லை. ஒப்பந்தத்தில் சம்பளம், லீவு, பாதியில் திரும்பினால் எவ்வளவு கட்ட வேண்டும், அவசரத்துக்கு ஊருக்கு வர முடியுமா என்று வரிவரியாக வாசியுங்கள். யாரிடமும் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

அப்பா விஷயத்தில், வாரம் இரண்டோ மூன்றோ தடவை அவரை யார் கூட்டிக்கொண்டு போவார்கள் என்று ஆள் பெயரோடு எழுதுங்கள். சொந்தக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று எழுதினால் அது பெயர் இல்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா, அதில் அவருடைய சிகிச்சை வருகிறதா என்று மருத்துவமனையில் விசாரியுங்கள். 2021இல் தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டிலேயே வயிறு வழியாகச் செய்கிற டயாலிசிஸுக்கான பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். அந்த முறை அப்பாவுக்கு ஒத்து வருமா என்பதை அவருடைய டாக்டர்தான் சொல்ல முடியும். நர்ஸ் பிள்ளைக்கு இதை நான் சொல்லித் தருவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற மாதிரிதான், இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

மாப்பிள்ளை வீட்டாரிடம் சவூதி வேலையை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். இரண்டு வருடம் காத்திருக்க முடியுமா, முடியாதா? முடியாது என்றால் அதுவும் ஒரு பதில். அதைக் கதவு அடைபட்டது என்று பெயர் வைத்து அழ வேண்டியதில்லை. பாஸ்டர் ஐயா பொறுமையாக இரு என்றது நல்ல வார்த்தைதான், எந்தத் தேதி வரைக்கும் என்று அவரிடமே கேளுங்கள். வேலை கொடுக்கிறவர்கள் ஒரு தேதி சொல்லியிருப்பார்களே.

கடைசியாக ஒன்று. உங்கள் கேள்வியை மூன்று தடவை வாசித்தேன். ஊழியக்காரரைக் கேட்டிருக்கிறீர்கள், பாஸ்டரைக் கேட்டிருக்கிறீர்கள், பெரியம்மாவைக் கேட்டிருக்கிறீர்கள், இப்போது என்னையும் கேட்டிருக்கிறீர்கள். அப்பாவைக் கேட்டதாக அதில் ஒரு வரிகூட இல்லை. அவருக்கு டயாலிசிஸ் என்று மட்டும் இருக்கிறது. அடுத்த தடவை அவரைக் கூட்டிக்கொண்டு போகும்போது நான்கு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பீர்கள் அல்லவா, அப்போது கேளுங்கள்.